கோட்டுக்கு யார் பொறுப்பு?

கதிர்வீச்சு சிகிச்சை பற்றிய கூட்டங்களில் சில ஆண்டுகளாக ஒரு வாதம் எதிர்க்கேள்வி இல்லாமல் உலவுகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்னால், நோயாளியின் சிடி படங்களில் அடுக்கு அடுக்காக உறுப்புகளின் எல்லையை வரைய வேண்டும். துறைக்குள் இதை கான்டூரிங் என்போம். மருத்துவர் உட்கார்ந்து வரைந்தால் ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். மென்பொருள் சில நிமிடங்களில் வரைந்து முடித்துவிடுகிறது. மருத்துவருக்கு மருத்துவர் கோடு மாறும். மென்பொருள் எப்போதும் ஒரே மாதிரி வரையும். நிபுணர்கள் நகரத்துக்குள் குவிந்திருக்கிறார்கள். தாம்பரம் தாண்டினால் ஆள் கிடைப்பது கஷ்டம். ஆகவே புறநகர் ஆஸ்பத்திரிகளுக்கு இது வரப்பிரசாதம், மருத்துவர் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார், நிர்வாகி தலையாட்டுகிறார், இளம் மருத்துவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

தென்சென்னைப் புறநகரில் கதிர்வீச்சுத் துறையில் வேலை பார்க்கும் நான் இதை ஏற்கவில்லை. மென்பொருளையே வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சிறுநீர்ப்பையையும் தொடை எலும்பின் தலையையும் அது வரையட்டும். நன்றாகவே வரைகிறது, நானும் பயன்படுத்துகிறேன். புராஸ்டேட்டின் எல்லையை வரைவது எழுத்தர் வேலை, அதை இயந்திரத்திடம் தள்ளிவிட்டு மருத்துவர் வேறு வேலை பார்க்கலாம் என்ற நினைப்பைத்தான் மறுக்கிறேன். அந்தக் கோடுதான் மருந்துச்சீட்டு. எவ்வளவு கதிர் என்பதை எண்ணாக எழுதுகிறோம். எங்கே என்பதைக் கோடாக எழுதுகிறோம். 60 கிரே என்று எழுதும் அதிகாரத்தை எந்த மருத்துவரும் மென்பொருளுக்குக் கொடுக்க மாட்டார். அந்த 60 கிரே எந்தத் திசுவில் விழ வேண்டும் என்பதை மட்டும் எந்த தைரியத்தில் கொடுக்கிறோம்?

அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு 1957-இல் கோபால்ட் கருவி வந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இடுப்பெலும்பை அடையாளமாக வைத்து, பெட்டி போல நாலு பக்கமும் கதிரைச் செலுத்துவதுதான் அன்றைய முறை. புராஸ்டேட்டின் கீழ்முனை அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதற்கு விலையாக மலக்குடலும் சிறுநீர்ப்பையும் சேர்ந்து அடிபட்டன. அதனாலேயே டோஸை உயர்த்த முடியவில்லை. 1976-இல் நாட்டின் முதல் லினாக், அதாவது நேர்கோட்டு முடுக்கிக் கருவி, அதே அடையாறு வளாகத்துக்கு வந்தது. 2019-இல் தரமணியில் புரோட்டான் மையம் திறந்தார்கள். இந்த அறுபது ஆண்டுகளிலும் பயணம் ஒரே திசையில்தான் நடந்திருக்கிறது: கதிர் விழும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வருவது. இன்று புராஸ்டேட்டைச் சுற்றி நாங்கள் விடும் இடைவெளி பொதுவாக 5 முதல் 7 மில்லிமீட்டர். மலக்குடல் பக்கம் இன்னும் குறைவு. அதைத் தாண்டினால் டோஸ் சரசரவென்று இறங்கிவிடும். கருவியின் துல்லியம் கூடக் கூட, கோட்டில் செய்யும் பிழையைத் தாங்கும் இடம் குறைந்துகொண்டே போகிறது. இப்படிப்பட்ட காலத்தில் அந்தக் கோட்டைக் கைமாற்றிவிடச் சொல்கிறார்கள்.

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் வீட்டுமனை வாங்கியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். சர்வேயர் எல்லைக்கல்லை ஓரடி தள்ளி நட்டுவிட்டால், கொத்தனார் எவ்வளவு நேராகச் சுவர் எழுப்பினாலும் அது பக்கத்து மனையில்தான் நிற்கும். தினமும் சிகிச்சைக்கு முன்னால் மேசையிலேயே ஒரு சிடி எடுத்துப் பார்த்து, நோயாளி படுத்திருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் திருத்துகிறோம். அந்தத் திருத்தம் உடம்பை நகர்த்துமே தவிர கோட்டை நகர்த்தாது. 20 நாள் சிகிச்சை என்றால் 20 நாளும் அதே தவறு அதே இடத்தில் விழும். சுற்றிலும் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதற்கு நெதர்லாந்தில் மார்செல் வான் ஹெர்க் 2000-ஆம் ஆண்டு கொடுத்த கணக்கை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம்: நாளுக்கு நாள் மாறும் தற்செயல் பிழையை 0.7 ஆல் பெருக்கு, மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிழையை 2.5 ஆல் பெருக்கு. கோட்டுப் பிழை இரண்டாவது வகை. அதன் எடை மூன்று மடங்குக்கும் மேல்.

கோடு எங்கே தவறும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். திரையில் சிடி அடுக்குகளை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டே வருகிறோம். முதலில் சிறுநீர்ப்பை, தண்ணீர் நிறைந்து, கொழுப்புக்கு நடுவே, குழந்தைகூடச் சுற்றி வரைந்துவிடும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். அதன் பின்னால் விந்துப்பைகள், மீசை போல இரண்டு பக்கமும். இன்னும் இறங்கினால் புராஸ்டேட். நடுப்பகுதியில் சிரமம் இல்லை. இரண்டு பக்கமும் தசை, பின்னால் மலக்குடல், முன்னால் இடுப்பெலும்பு. நாலு பக்கமும் வேலி இருக்கிறது. அதற்கும் கீழே மூன்று மில்லிமீட்டர், ஆறு மில்லிமீட்டர் என்று இறங்க இறங்க வேலி மறைந்துபோகிறது. சுரப்பி எங்கே முடிகிறது, சிறுநீரை அடக்கிவைக்கும் தசை எங்கே தொடங்குகிறது என்பது சிடியில் தெரியாது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஆண்குறியின் அடிப்பகுதிக் குமிழ் கண்ணில் பட்டதும், அங்கிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போட்டு, சிறுநீர்க்குழாயின் வடிவத்தைப் பார்த்து, பக்கத்துத் திரையில் எம்ஆர்ஐயைத் திறந்து வைத்து, "இந்த அடுக்கோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்று ஒருவர் தீர்மானிக்கிறார். படத்தில் இல்லாத கோட்டை அறிவைக் கொண்டு போடுகிற இடம் அது.

மென்பொருளுக்கு அந்த இடத்தில் தயக்கம் கிடையாது. உருண்டையாக, அழகாக, வழுவழுப்பாக மூடிவிடும். அந்த அழகைப் பார்த்து நம்பிவிடுவதுதான் ஆபத்து. இரண்டு அடுக்கு கீழே இறங்கி மூடினால், சிறுநீரை அடக்கும் தசைக்கும் குறியின் குமிழுக்கும் முழு டோஸ் போகும். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன மனிதர் துணி நனைவதையும், மனைவியிடம்கூடச் சொல்லத் தயங்கும் இன்னொன்றையும் காலம் முழுக்கச் சுமப்பார். இரண்டு அடுக்கு மேலேயே மூடிவிட்டால் அது இன்னும் மோசம்: கீழ்முனையில் கட்டி இருக்கிறவருக்கு, கட்டி இருக்கும் இடத்திலேயே டோஸ் குறையும். மூன்றாண்டு கழித்து, நோயைக் காட்டிக்கொடுக்கும் பிஎஸ்ஏ என்ற ரத்த அளவு ஏறும்போது, "நோய் திரும்பிவிட்டது" என்று சொல்வோம். கோட்டைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.

சிடியில் மருத்துவரும்தானே தவறுகிறார் என்பார்கள். ஆமாம், தவறுகிறார். சிடியில் வரைந்த புராஸ்டேட், எம்ஆர்ஐயில் வரைந்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாக வருகிறது என்று 1990களிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். வித்தியாசம் பெரும்பாலும் கீழ்முனையிலும் விந்துப்பை ஒட்டிய மேல்பகுதியிலும்தான். ஆனால் மென்பொருள் எதைப் பார்த்துக் கற்றது? மருத்துவர்கள் வரைந்த கோடுகளைப் பார்த்து. சிடி கோடுகளைக் கொண்டு பயிற்றுவித்த மென்பொருள் அந்தத் தவறையும் சேர்த்தே கற்றிருக்கும், சராசரியாக்கி, சுத்தமாக்கி. தவறுக்கு மருந்து எம்ஆர்ஐ. அதே சிடியில் இன்னும் வேகமாக வரைவதால் தவறு தீராது.

இங்கே எண்களைக் கொண்டு வந்து வைப்பார்கள். டைஸ் எண் என்று ஒன்று இருக்கிறது. நிபுணர் வரைந்ததும் மென்பொருள் வரைந்ததும் எவ்வளவு ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றன என்பதற்கான அளவு. முழுக்கப் பொருந்தினால் 1. விளம்பரத் தாள்களில் 0.85, 0.9 என்று போட்டிருக்கும். பார்க்கிறவருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய மாணவன் ஞாபகம் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புராஸ்டேட்டை 40 சிசி கொள்ளளவுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்வோம். அதன் கீழ்முனையில் 6 மில்லிமீட்டரை, அதாவது இரண்டு அடுக்குகளை, முழுதாக வெட்டி எறிந்துவிடுவோம். விடுபடுவது சுமார் 2 சிசி. மீதி எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தினால் டைஸ் எண் 0.97. கட்டி இருக்கும் கீழ்முனையைத் தவறவிட்ட கோடு 0.97 வாங்கிவிடுகிறது! எந்த இடத்தில் தவறினால் நோயாளிக்குச் சேதமோ அந்த இடத்தை இந்த எண் பார்ப்பதே இல்லை. கொள்ளளவைப் பார்க்கிறது; விளிம்பைப் பார்ப்பதில்லை. எங்கள் தொழில் முழுக்க விளிம்பில்தான் நடக்கிறது.

இனி, கையெழுத்து. "எப்படியும் டாக்டர் செக் பண்ணத்தானே போகிறார்" என்ற ஒரு வரியில்தான் மொத்த வாதமும் தொங்குகிறது. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2023-இல் இத்தகைய மென்பொருள்கள் சிலவற்றைப் பயன்படுத்தலாம் என்று சொன்னபோதும், தகுதியுள்ள ஒருவர் ஒவ்வொரு கோட்டையும் பார்த்துத் திருத்திய பிறகே என்ற நிபந்தனையோடுதான் சொன்னது. நிபந்தனை நல்லதுதான். ஆனால் வெற்றுப் படத்தில் வரைவதும், ஏற்கெனவே வரைந்த கோட்டைச் சரிபார்ப்பதும் வேறு வேறு வேலைகள். முதலாவதில் ஒவ்வொரு அடுக்கிலும் கண்ணும் மூளையும் "இது என்ன" என்று கேட்டாக வேண்டும். இரண்டாவதில் கோடு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறது. "இது தப்பா" என்று கேட்கும் முனைப்பு நம்மிடமிருந்துதான் வர வேண்டும். மாலை ஆறு மணிக்கு, ஐந்தாவது நோயாளியின் நூறாவது அடுக்கில், அந்த முனைப்பு தானாக வராது.

இது என் அனுமானம் மட்டும் இல்லை. ஜெர்மனியில் மார்பக எக்ஸ்ரே பார்க்கும் 27 மருத்துவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2023-இல் ரேடியாலஜி இதழில் வெளியிட்டார்கள். கணினியின் கணிப்பு என்று சொல்லிச் சில படங்களுக்கு வேண்டுமென்றே தவறான விடையைக் காட்டினார்கள். கணிப்பு சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் 80 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள்; தவறாக இருந்தபோது அது 20 விழுக்காட்டுக்கு விழுந்தது. மிகுந்த அனுபவம் உள்ளவர்களும் 82-இலிருந்து 45-க்கு விழுந்தார்கள். பல வருடம் படம் பார்த்த கண்கள் அவை. அனுபவம் உள்ள மருத்துவரையே கணினியின் சொல் இப்படி இழுக்கிறது என்றால், அனுபவம் உள்ளவர் கிடைக்காத ஊருக்கு இதை வரப்பிரசாதம் என்று விற்பது எப்படிப் பொருந்தும்? மென்பொருளைத் திருத்தும் திறமை, மென்பொருள் இல்லாமல் வரையத் தெரிந்தவருக்குத்தான் உண்டு. நிபுணர் பஞ்சத்தைத் தீர்க்க வந்த பொருளுக்கு, பாதுகாப்பாக ஓட நிபுணரே தேவைப்படுகிறார்.

தாம்பரம் சானடோரியத்தைச் சுட்டிக்காட்டி ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை இருக்கும் ஊர் இது. காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரேயைக் கணினியே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்திருக்கிறதே, நுரையீரலுக்கு ஆகிற பொருள் புராஸ்டேட்டுக்கு ஆகாதா என்று கேட்டார். நல்ல கேள்வி. அங்கே கணினி சந்தேகப்படுகிற வேலையை மட்டும் செய்கிறது. அது கை காட்டியவருக்குச் சளிப் பரிசோதனை நடக்கிறது; நோய் உண்டா இல்லையா என்பதை அந்தப் பரிசோதனைதான் தீர்மானிக்கிறது. கணினி தவறாகக் கை காட்டினால் அடுத்த படியில் பிடிபட்டுவிடும். கான்டூரிங்கில் அடுத்த படி என்று ஒன்று இல்லை. மருத்துவ இயற்பியலாளர் திட்டத்தை எத்தனை முறை அளந்து சோதித்தாலும், திட்டமிட்ட டோஸ் திட்டமிட்ட இடத்தில் விழுகிறதா என்றுதான் பார்ப்பார். திட்டமிட்ட இடமே சரிதானா என்று கேட்கும் கருவி எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. கையெழுத்துக்கு அடுத்தது கதிர்.

கோடு போடுவதற்கு முன்னாலேயே, இந்தப் படத்தில் வரையலாமா வேண்டாமா என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. அதை யாரும் பேசுவதே இல்லை. சிகிச்சையைத் திட்டமிடப் படம் எடுக்கும் சிடி சிமுலேஷன் அறையில் தினமும் நடக்கிற காட்சி இது. ஊரப்பாக்கத்திலிருந்து மகனோடு வந்த பெரியவர், சிறுநீர் கழித்துவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

"ஐயா, இப்ப உள்ள போலாமா? அடக்க முடியுதா?"

"முடியுதும்மா. சீக்கிரம் முடிச்சு விட்டுடுங்க."

"காலைல வெளிக்கு ஒழுங்கா போச்சா?"

"எங்கம்மா... விடியக்காலம் கெளம்புனதுல சரியா போகல."

படம் எடுத்தவுடன் டெக்னீஷியன் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்: "டாக்டர், ரெக்டம் பூரா கேஸ்." பார்த்தால் மலக்குடல் காற்றால் ஊதி, புராஸ்டேட்டை முன்னால் தள்ளிவைத்திருக்கிறது. மென்பொருளுக்கு இந்தப் படத்தைக் கொடுத்தால் ஊதிய மலக்குடலையும் தள்ளிப்போன புராஸ்டேட்டையும் இம்மி பிசகாமல் வரைந்து தரும். அந்தக் கோட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த நாள் காற்று போய்விடும், புராஸ்டேட் பின்னால் வந்துவிடும். திட்டமிடும் படத்தில் மலக்குடல் ஊதியிருந்தவர்களுக்கு நோய் கட்டுப்படுவது குறைந்தது என்று டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2005-லேயே காட்டியது. இங்கே சரியான கான்டூர் என்பது, பெரியவரை எழுப்பி, நடக்கவிட்டு, கழிவறைக்கு அனுப்பி, மறுபடி தண்ணீர் கொடுத்து, இன்னொரு படம் எடுப்பதுதான். அதைச் சொன்னது மென்பொருள் இல்லை. அந்த டெக்னீஷியன்.

மென்பொருள் ஒரே மாதிரி வரைகிறது என்பதைப் பெரிய நற்குணமாகச் சொல்கிறார்கள். மருத்துவர்களுக்குள் வேறுபாடு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பத்து பேர் பத்து விதமாக வரைந்தால் சராசரி சரியான இடத்துக்குப் பக்கத்தில் விழ வாய்ப்பிருக்கிறது. ஒரு துறைக்குள் ஒருவர் கோட்டை இன்னொருவர் பார்த்துச் சண்டை போடவும் முடியும். பத்து ஆஸ்பத்திரியும் ஒரே மென்பொருளை வைத்து ஒரே பக்கம் சாய்ந்தால் சண்டை போட ஆளில்லை. ஒத்துப்போவதாலேயே ஒன்று சரியாகிவிடாது. உடன்பாடு வேண்டுமென்றால் அதற்கு வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன, சக மருத்துவர் கூட்டம் இருக்கிறது, எம்ஆர்ஐ இருக்கிறது.

அடுத்தது, நம் நோயாளிகள். புறநகர் ஓபியில் வந்து நிற்கிற ஆணின் புராஸ்டேட் பாடப்புத்தகத்தில் இருப்பது போல இருக்காது. சிறுநீர் அடைத்துக்கொண்டு வந்தவருக்கு யாரோ ஏற்கெனவே சுரண்டி எடுக்கும் அறுவை செய்திருப்பார்கள். நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், அது சிறுநீர்ப்பையா சுரப்பியா என்று மென்பொருள் குழம்பும். ஒருவருக்குக் குழாய் போட்டிருக்கும். ஒருவருக்கு இடுப்பு மூட்டு மாற்றியதில் உலோகம் படமெங்கும் கோடு இழுத்திருக்கும். பிந்தி வருகிறவர்கள் நிறைய. கட்டி சுரப்பியின் உறையைக் கிழித்து விந்துப்பைக்குள் ஏறியிருக்கும், சில சமயம் சிறுநீர்ப்பையின் கழுத்தில் நுழைந்திருக்கும். ஹார்மோன் ஊசி போட்டுப் பல மாதம் ஆகி, சுரப்பி சுருங்கியிருக்கும்; கட்டி முன்பு எங்கே இருந்தது என்பது பழைய எம்ஆர்ஐயில் மட்டும்தான் இருக்கும். மென்பொருள் உறுப்பை வரைகிறது. நாங்கள் நோயை வரைய வேண்டியிருக்கிறது. விரல் விட்டுப் பரிசோதித்தபோது வலது பக்கம் கல் போலத் தட்டுப்பட்டது என்ற குறிப்பு எந்த சிடியிலும் இல்லை.

நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்துக் கதிர் கொடுப்பதா என்பதே ஒரு முடிவு. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 224 நோயாளிகளை வைத்து நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தீவிர வகை நோயாளிகளுக்கு இடுப்பு நிணநீர் முடிச்சுகளுக்கும் கதிர் கொடுத்தபோது, ஐந்தாண்டில் பிஎஸ்ஏ ஏறாமல் இருந்தவர்கள் 95 விழுக்காடு. புராஸ்டேட்டுக்கு மட்டும் கொடுத்தபோது 81. நம் நாட்டு நோயாளிகளை வைத்து நம் நாட்டு மருத்துவர்கள் கண்டது. யாருக்கு இது பொருந்தும், யாருடைய குடல் தாங்காது என்று தீர்மானிப்பதும் கோடு போடுவதன் ஒரு பகுதிதான். மென்பொருளைத் திறந்தால் நிணநீர் முடிச்சு என்று ஒரு பெட்டி இருக்கும், தட்டினால் வரைந்துவிடும். வரைந்திருக்கிறதே என்பதற்காகவே கொடுத்துவிடும் நாள் வரக்கூடாது என்று பயப்படுகிறேன்.

நேரம் மிச்சம் என்ற வாதத்துக்கு வருவோம். சுருக்கமாக முடித்துவிடலாம். கூடுவாஞ்சேரியில் இருக்கும் ஒருவருக்குச் சிறுநீர் தடைப்படத் தொடங்கிய நாளிலிருந்து முதல் கதிர் விழும் நாள் வரை என்னென்ன நடக்கிறது? வயசானா இப்படித்தான் என்று கொஞ்ச காலம் போகிறது. பிறகு பிஎஸ்ஏ, ஊசி வழியாகச் சதை எடுத்தல், நோய்க்குறியியல் அறிக்கை, எம்ஆர்ஐக்கு முறை வருவது, எலும்பு ஸ்கேன், காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்புதல், லினாக்கில் இடம். இந்த வரிசையில் கான்டூரிங் ஒரு மணி நேரம். வாரங்களை விழுங்குகிறவற்றைத் தொடாமல் மணியை மிச்சம் பிடிப்பது யாருக்கு உதவும்? அதிலும் புராஸ்டேட்டில், நடுத்தர, தீவிர வகை நோயாளிகள் பலருக்கு முதலில் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு இரண்டு மாதம் போலக் காத்திருந்துதான் கதிர்வீச்சைத் தொடங்குகிறோம். அந்தக் காத்திருப்புக்குள் ஒரு மணி நேரம் எளிதில் அடங்கும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அவசரம் உண்டு, வரைய வேண்டிய உறுப்புகளும் ஏராளம். அங்கே நேர வாதத்துக்குப் பலம் இருக்கிறது. புராஸ்டேட்டுக்கு அதை இரவல் வாங்குவது நியாயம் இல்லை.

எதிர்த்தரப்பில் உண்மையிலேயே கனமான வாதம் ஒன்றுதான்: ஒன்றும் இல்லாததற்கு இதாவது இருக்கட்டும். இதை நான் அலட்சியம் செய்யவில்லை. இந்தியா, ஜோர்டான், மலேசியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளில், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஆர்ச்சரி என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வை நடத்துகிறார்கள். கோடு போடுவது முதல் திட்டம் தயாரிப்பது வரை எல்லாவற்றையும் மென்பொருள் செய்கிறது. நிபுணர்கள் தரம் பார்க்கிறார்கள். 2025-இல் அவர்கள் சொன்ன முடிவின்படி, கருப்பை வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு 95 திட்டங்கள் தேறின, புராஸ்டேட்டில் 85. நிபுணர் பஞ்சம் உள்ள நாடுகளுக்காகவே அக்கறையோடு செய்த வேலை, மதிக்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோயால் வருந்தும் பெண்களுக்கு இது விடிவாக அமையலாம். புராஸ்டேட்டில் இருபது பேருக்கு மூன்று பேர் தேறவில்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது. அந்த மூன்று பேர் யார் என்று கண்டுபிடித்தவர்கள் நிபுணர்கள். நிபுணரை எடுத்துவிட்டால் இருபது பேரும் தேறியவர்களாகவே தெரிவார்கள்.

மேலும், தாம்பரம் நிபுணரே இல்லாத ஊர் என்ற கற்பனையை விட்டுவிடுவோம். 1931-இலிருந்து மின்சார ரயில் ஓடுகிற ஊர். அடையாறும் தரமணியும் கிண்டியும் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கின்றன. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் மருத்துவ இயற்பியல் கற்றுக்கொடுக்கிறது. லினாக்கை இயக்க உரிமம் வேண்டுமானால் கதிர்வீச்சு மருத்துவரும் மருத்துவ இயற்பியலாளரும் பணியில் இருந்தாக வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்காற்று வாரியத்தின் விதி. ஆகவே மருத்துவர் இருக்கிறார். அவருக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தர நிர்வாகத்துக்கு மனமில்லை, அதை மென்பொருளின் பெயரால் சொல்கிறார்கள். மின்னணுத் திரையில் படங்கள் போக வர முடிகிற காலத்தில், தாம்பரத்து மருத்துவர் போட்ட கீழ்முனைக் கோட்டை அடையாறில் இருப்பவர் அன்றைக்கே பார்த்துக் கருத்துச் சொல்ல முடியும். அதற்கு மென்பொருள் சந்தாவைவிட அதிகம் செலவாகாது. ஒரு தொலைபேசியும் இரண்டு மருத்துவர்களின் நல்லெண்ணமும் போதும்.

எம்.டி. மாணவர்களைப் பற்றி எனக்கு உள்ளூரக் கவலை இருக்கிறது. மூன்று ஆண்டுப் படிப்பில் அவர்கள் உடற்கூறைக் கற்றுக்கொள்வது கான்டூரிங் மேசையில்தான். இருநூறு புராஸ்டேட்டை வெறும் திரையில் வரைந்த கைக்குத்தான் இருநூற்று ஒன்றாவதில் ஏதோ சரியில்லை என்று தோன்றும். முதல் நாளே வரைந்து முடித்த படத்தைப் பார்த்து வளர்கிறவர் பத்தாண்டு கழித்து யாரைத் திருத்துவார்? மாணவர் முதலில் தானாக வரையட்டும், பிறகு மென்பொருளின் கோட்டைத் திறந்து இரண்டையும் ஒப்பிடட்டும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அது நல்ல துணை.

மென்பொருளும் மருத்துவக் கருவிதான் என்று 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. வாங்குகிறவர்கள் மற்றக் கருவிகளைப் பற்றிக் கேட்கிற மாதிரியே இதைப் பற்றியும் கேள்வி கேட்க வேண்டும். எந்த நாட்டு, எந்த நிலை நோயாளிகளின் படங்களில் பயிற்சி கொடுத்தீர்கள்? கோடுகள் சிடியில் வரைந்தவையா எம்ஆர்ஐயில் வரைந்தவையா? சுரண்டி எடுத்த புராஸ்டேட்டுகள் அதில் இருந்தனவா? கீழ்முனையில் மட்டும் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது? எங்கள் பழைய நோயாளிகளின் படங்களில் ஓட்டிக் காட்டுவீர்களா? புதிய பதிப்பு வரும்போது மறுபடியும் ஓட்டிக் காட்டுவீர்களா? டைஸ் எண்ணை மட்டும் நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

நிர்வாகங்களிடம் கேட்பது இது. புராஸ்டேட் கான்டூரிங்குக்கு எம்ஆர்ஐ கட்டாயம் என்று எழுதிவையுங்கள். நோயாளியின் கைக்காசில் விடாதீர்கள். மருத்துவரின் பணிப் பட்டியலில் அந்த ஒரு மணி நேரத்தை ஓபி நேரம் போலவே அச்சிட்டு ஒதுக்குங்கள். மென்பொருள் போட்ட கோடும் மருத்துவர் திருத்திய கோடும் இரண்டும் கோப்பில் இருக்கட்டும். மாதக் கணக்கில் ஒரு திருத்தம்கூட இல்லாத துறையில் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். திட்ட அறிக்கையில், டோஸ் எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில், எல்லை வரைந்தவர் பெயரும் இருக்கட்டும். இதற்கெல்லாம் இப்போதைக்கு வழியில்லை என்கிற ஆஸ்பத்திரிக்கும் ஒரு வழி உண்டு. எந்தெந்த உறுப்பை வரைய வேண்டும் என்று மென்பொருளில் ஒரு பட்டியல் வருகிறது. சிறுநீர்ப்பை, மலக்குடல், தொடை எலும்பு ஆகியவற்றுக்கு நேரே டிக் போட்டுவிட்டு, புராஸ்டேட்டுக்கும் விந்துப்பைக்கும் நேரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே செய்யலாம்.